பிராங்ஹார்ன் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கோணல் கொம்புகள் உட்பட

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சுற்றுலா போய் வந்த நண்பர்களும் உறவினர்களும் போட்டோ அனுப்பி, "இது என்ன மிருகம், இதன் கொம்பு ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அது பிராங்ஹார்ன், அந்தப் பக்கத்து வெட்டவெளிகளில் மேயும், பார்க்க மான் மாதிரியான ஒரு விலங்கு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ஆண், பெண் பற்றிய கேள்வியையும் கொம்பு உதிர்வது பற்றிய கேள்வியையும் மட்டும் படித்தால்கூடப் போதும், "விசித்திரக் கொம்பு" என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

இது மானா, ஆடா, இல்லை வேறு ஏதாவதா?

மூன்றாவதுதான். அந்த ஊர்க்காரர்கள் ஆன்டிலோப் என்பார்கள், ஆனால் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கும் இரலைகளோடு இதற்கு நேரடி உறவு கிடையாது. 1804 செப்டம்பரில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழு மிசௌரி ஆற்றங்கரையில் ஒன்றைச் சுட்டுப் பிடித்தபோது கிளார்க் அதை ஆடு என்றே எழுதி வைத்தார். இதற்குத் தனிக் குடும்பம், அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம். இன்றைக்கு உள்ளவற்றில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? ஒட்டகச்சிவிங்கியும், அதன் உறவான ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு ஒக்காப்பியும்.

அடையாளம் சொல்வது சுலபம். மண் நிற முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தின் முன்பக்கம் இரண்டு வெள்ளைப் பட்டைகள், பின்புறம் பெரிய வெள்ளைத் திட்டு. பயந்தால் அந்தத் திட்டின் மயிர் விரிந்து நிற்கும், வெட்டவெளியில் வெகு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். நிற்கும்போது தோள் உயரம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும், படத்தில் பார்த்துவிட்டுப் பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள்.

எங்கே போனால் கட்டாயம் பார்க்கலாம்?

வயோமிங் மாநிலம். வேறு யோசனையே வேண்டாம். ராலின்ஸிலிருந்து ராக் ஸ்பிரிங்ஸ் வரை ஐ-80 ஹைவேயில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தூங்காமல் இருந்தால் போதும். ராக் ஸ்பிரிங்ஸிலிருந்து பைன்டேல் போகும் 191 ஹைவேயும் அப்படித்தான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கோடையில் லாமார் பள்ளத்தாக்கில் தேடலாம். குளிர்காலத்தில் அங்கே பனி ஆழமாகிவிடும் என்பதால் அவை கீழே கார்டினர் ஊர்ப் பக்கம் இறங்கிவிடும், வடக்கு நுழைவாயிலுக்கு அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

தெற்கு டக்கோட்டாவில் கஸ்டர் ஸ்டேட் பார்க், யூட்டாவில் ஆன்டிலோப் தீவு, ஓரிகனில் ஹார்ட் மவுன்டன் ஆகியவையும் நல்ல இடங்கள். ஹார்ட் மவுன்டன் சரணாலயத்தை 1936-ல் இந்த விலங்குக்காகவே ஏற்படுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கரிசோ சமவெளிக்குப் போகலாம், ஆனால் அங்கே எண்ணிக்கை குறைவு, பொறுமை வேண்டும்.

அரிசோனாவின் தெற்கு ஓரத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி சொனோரா பிராங்ஹார்ன் என்று ஒரு துணை இனம் இருக்கிறது. 2002 வறட்சியில் அமெரிக்கப் பக்கம் வெறும் 21 மிஞ்சின. அதன் பிறகு கபேசா பிரியேட்டா சரணாலயத்தில் வேலி போட்டு வளர்த்து வெளியே விட்டு மெல்ல எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். அதைத் தேடிப் பாலைவனத்தில் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. துரத்தப்பட்டால் அதன் தண்ணீரும் தெம்பும்தான் வீணாகும்.

எந்த மாதம் நல்லது?

கொம்பு பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். கொம்பு முழுதாக வளர்ந்திருக்கும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை வடக்கே இணை சேரும் காலம் என்பதால் ஆண்கள் ஓடுவதும் துரத்துவதும் செடிகளைக் கொம்பால் குத்திக் கிளறுவதுமாக ஒரே ரகளையாக இருக்கும். குட்டி பார்க்க ஜூன். பெரிய கூட்டம் பார்க்க குளிர்காலம், நூற்றுக்கணக்கில் ஒன்றாக நிற்கும், ஆனால் வயோமிங் குளிர்காலத்தில் கார் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? கொம்பு இருந்தால் ஆண்தானே?

இல்லை. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பெண்ணுக்கும் கொம்பு உண்டு. பெரும்பாலும் காதை விடக் குட்டையாக, கிளை இல்லாமல் இருக்கும், சில பெண்களுக்குக் கொம்பே இருக்காது. இளம் ஆணுக்கும் முதல் ஆண்டில் குட்டைக் கொம்புதான், ஆக வெறும் கொம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கன்னத்தைப் பாருங்கள். ஆணுக்குக் காதுக்குக் கீழே தாடையோரமாகக் கறுப்புத் திட்டு ஒன்று இருக்கும், மூக்கிலிருந்து நெற்றி நோக்கி முகமும் கறுத்திருக்கும். பெண்ணுக்கு அந்தக் கன்னத் திட்டு கிடையாது. அந்த இடத்தில் ஆணுக்கு வாசனைச் சுரப்பி இருக்கிறது, செடிகளில் அதைத் தேய்த்துத் தன் இடம் என்று குறிவைத்துவிட்டுப் போகும். கொம்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும், உடைந்தே போயிருந்தாலும் கன்னம் மாறாது. அதனால் எனக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கன்னம் தெரிகிற படம் இருக்கிறதா என்றுதான்.

இது கொம்பை உதிர்க்கும் என்கிறார்கள், மாடு உதிர்க்காது, மான் உதிர்க்கும். இது எந்த வகை?

இரண்டும் கலந்த மாதிரி, இரண்டிலும் சேராதது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோணல் கொம்புகள் எல்லாவற்றுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது.

மானின் கொம்பு முழுக்க எலும்பு, கிளை விடும், ஆண்டுதோறும் முழுதாக விழுந்து மறுபடி முளைக்கும். மாடு, ஆடு, நம் ஊர் வெளிமான் ஆகியவற்றின் கொம்புக்கு உள்ளே எலும்புத் தண்டு, மேலே நகம் செய்யப்பட்ட அதே கெரட்டின் பொருளில் ஓர் உறை. அது கிளை விடாது, உதிராது. பிராங்ஹார்னுக்கும் எலும்புத் தண்டு, உறை என்ற அமைப்புதான். ஆனால் உறை மட்டும் ஆண்டுக்கொரு முறை கழன்று விழும். அந்த உறைக்குத்தான் கிளையும் இருக்கிறது, உள்ளே உள்ள தண்டு கிளை இல்லாத ஒரு தட்டையான எலும்பு, கத்தி அலகு போல. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனைக்குள் எலும்பே கிடையாது.

இணை சேரும் காலம் முடிந்து பெரும்பாலும் நவம்பரை ஒட்டி ஆணின் உறைகள் விழும். விழும் முன்பே உள்ளே தண்டின் நுனியில் புது உறை உருவாகத் தொடங்கியிருக்கும், அதுதான் பழையதைத் தள்ளிவிடுகிறது. பிறகு நுனியிலிருந்து கீழ் நோக்கியும் மேல் நோக்கியும் கெட்டியாகிக்கொண்டே போய்க் கோடையில் முழு உருவத்துக்கு வரும். பெண்ணுக்கு இந்த உதிர்தலில் ஒழுங்கு இல்லை, முன்னே பின்னே நடக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. கோணல் உறையில் மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு அது இருக்காது. கோணல் எலும்புத் தண்டில் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அதே கோணலில்தான் புது உறை வரும்.

நவம்பர் கடைசியில் பார்த்தேன், ஆணுக்குக் குட்டையான, மயிர் மூடிய கொம்பு. நோயா?

நோய் இல்லை, மாதம்தான் காரணம். உறை விழுந்து புதிது வந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் புது உறையில் மயிர் கலந்துதான் இருக்கும், நுனி மட்டும் கறுத்து வழுவழுப்பாகத் தெரியும். அதே வாரத்தில் ஒரு பக்க உறை விழுந்து மறுபக்கம் இன்னும் விழாத ஆணைப் பார்த்தால், ஒரு கொம்பு பெரிது ஒரு கொம்பு சிறிது என்று ஆச்சரியமாக இருக்கும். சில நாளில் அதுவும் சரியாகிவிடும். யாராவது எனக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை எடுத்த படத்தை அனுப்பினால், தேதியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேசுவேன்.

ஒரு கொம்பு நேராக, இன்னொன்று கன்னத்தோடு கீழே தொங்குகிறது. இது எப்படி வந்தது?

இது நிஜமான கோணல். பெரும்பாலும் அடிப்பகுதியில் பட்ட அடி. கொம்பு கண் குழிக்கு நேர் மேலே முளைக்கிறது, அந்த இடத்தில் எலும்பு இளசாக இருக்கும்போது வேலியில் மோதியோ சண்டையிலோ விரிசல் விட்டால் தண்டு சரிந்து அப்படியே கூடிவிடும். பிறகு வரும் உறைகளெல்லாம் சரிந்த தண்டின் மேல்தானே வளர வேண்டும்? அதனால் தொங்கும், முன்னால் சாயும், சில சமயம் கண்ணுக்குக் குறுக்கே வரும். அடுத்த ஆண்டு அதே பகுதியில் அதே கோணலோடு ஓர் ஆணைப் பார்த்தால் பழைய ஆளாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தனி விலங்கை ஆண்டுக்கணக்கில் அடையாளம் வைத்துப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு இது ஒரு வரம்.

அது கஷ்டப்படுமா என்று கேட்பார்கள். நன்றாக மேய்ந்து, ஓடி, உடம்பு தேறியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கண் மறைந்து மேயவே முடியாமல் இருந்தாலோ, கொம்பில் கம்பி சிக்கியிருந்தாலோ அந்த மாநில வனவிலங்குத் துறைக்கு இடத்தைச் சொல்லித் தகவல் கொடுங்கள். நீங்களே கிட்டப் போய் அவிழ்க்கும் வேலை வேண்டாம்.

என் படத்தில் இருப்பது பெண்தான், கன்னத்தில் திட்டு இல்லை. ஆனால் கொம்பு முன்னால் வளைந்திருக்கிறது.

பெண்களின் கொம்பு இஷ்டத்துக்கு இருக்கும். ஒரு பக்கம் மட்டும், முன்னால் வளைந்து, பக்கவாட்டில் சுருண்டு, வெறும் குமிழாக, எப்போதாவது சின்னக் கிளையோடுகூட. இவை எல்லாமே சாதாரணம். ஆணைப் பொறுத்தவரை எனக்கு விசித்திரம் என்று தோன்றுவதைப் பெண்ணிடம் பார்த்தால் குறித்து வைப்பதோடு சரி.

நுனிகள் உள்ளே வளைந்து இதய வடிவில் இருக்கிறது. கிளை ஒன்றுக்கு இரண்டாகவும் பார்த்தேன். அரிதா?

உள்ளே வளைவது அரிதே இல்லை, வளர்ந்த ஆண்களில் நிறையவே உண்டு. இரண்டு நுனிகளும் கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு வந்தால் முன்பக்கத்திலிருந்து அழகான படம் கிடைக்கும். நுனி பின்னால் வளைந்தவை, வெளியே விரிந்தவை, கிளை மிகக் கீழே அல்லது மிக மேலே வைத்தவை எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபாடு. சிலவற்றுக்கு நுனி தேய்ந்து தந்தம் மாதிரி வெளிறியிருக்கும், அதற்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

கிளை இரண்டாகப் பிரிவது, பின்பக்கம் ஒரு முள் போலக் கூடுதல் முனை, உறை நீளவாக்கில் வெடித்து இரண்டாக நிற்பது ஆகியவை நிஜமாகவே குறைவு. ஆனால் அறிவிக்கும் முன் பெரிதாக்கிப் பாருங்கள். செப்டம்பரில் ஆண்கள் சேஜ்பிரஷ் புதரைக் குத்திக் கிளறிவிட்டு, சுள்ளியும் வேரும் கொம்பில் மாட்டிக்கொண்டு கம்பீரமாக நிற்கும். "மூன்று கிளை" என்று வரும் படங்களில் ஒரு பங்கு அந்தச் சுள்ளிதான். இன்னொரு பங்கு, பின்னால் நிற்கும் விலங்கின் கொம்பு.

கலப்பினமாக இருக்குமோ? ஆட்டோடு, மானோடு?

இருக்காது. குடும்பத்திலேயே ஒற்றை ஆள், கலக்க யாரும் இல்லை. வயோமிங்கின் டக்ளஸ் ஊரில் முயலுக்குக் கொம்பு வைத்த ஜாக்கலோப் பொம்மையைக் காட்டுவார்கள். 1930-களில் விலங்குத் தோலைப் பாடம் செய்யும் சகோதரர்கள் விளையாட்டாக ஆரம்பித்தது, இன்றைக்கு ஊருக்கே அதுதான் முகவரி. அதையும் நம்பி வந்து கேட்டவர்கள் உண்டு.

நான்கு கொம்பு, ஆறு கொம்பு வைத்தவை இருந்தனவாமே?

இருந்தன, ஆனால் வேறு இனங்கள். இந்தக் குடும்பம் ஒரு காலத்தில் வட அமெரிக்கா முழுக்கப் பெரிதாக விரிந்திருந்தது. ஸ்டாக்கோசெரஸுக்கு ஒவ்வொரு பக்கமும் தண்டே இரண்டாகப் பிரிந்து, பார்க்க நான்கு கொம்பு. ஃப்ளோரிடாவில் கிடைத்த ஹெக்ஸாமெரிக்ஸுக்கு ஆறு முனை. நெவாடாவின் இலிங்கோசெரஸுக்கு முறுக்கிய கொம்பு. கவனித்தீர்களா, அவற்றில் எலும்புத் தண்டே பிரிந்தது அல்லது முறுக்கியது. இன்றைய பிராங்ஹார்னில் தண்டு ஒற்றைதான். ஆகவே இன்றைக்கு ஓர் ஆணுக்குக் கூடுதல் முனை வந்தால் பழைய மூதாதையரின் குணம் திரும்பிவிட்டது என்று கதை கட்டத் தேவையில்லை.

இவ்வளவு வேகம் எதற்கு? ஓநாய்கூட அவ்வளவு ஓடாதே?

நல்ல கேள்வி. மணிக்கு 88 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் என்பார்கள், அதைவிட முக்கியம் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பல கிலோமீட்டருக்குத் தளராமல் இழுக்கும். இன்றைக்கு அங்கே உள்ள எந்த வேட்டை விலங்குக்கும் இவ்வளவு வேகம் தேவையில்லை. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே அமெரிக்கச் சிவிங்கிப்புலி என்று ஒரு வேக விலங்கு இருந்தது, ஓநாய் இனங்களும் குட்டை முகக் கரடிகளும் இருந்தன. அவற்றிடமிருந்து தப்பிக்க வந்த வேகம்தான் அவை அழிந்த பிறகும் மிஞ்சி நிற்கிறது என்பது மான்டானாவில் இவற்றைப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் பையர்ஸ் முன்வைத்த கருத்து. எல்லோரும் முழுதாக ஒப்புக்கொண்டது என்று சொல்லமாட்டேன், எனக்குப் பிடித்த விளக்கம். இந்தியாவில் சிவிங்கிப்புலி போய்விட்ட பிறகும் வெளிமான் அதே வேகத்தில் ஓடுவதை கோடியக்கரையில் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வேகமாக ஓடுகிறது சரி, சின்ன வேலியைக்கூடத் தாண்டாதாமே?

தாண்ட முடியும், தாண்டுவதில்லை. புதரும் புல்லும் தவிர உயரமாக எதுவும் இல்லாத வெட்டவெளியில் வாழ்ந்த விலங்கு, குதிக்கும் பழக்கம் வரவில்லை. முள்கம்பிக்கு அடியில் புகுந்து போகப் பார்க்கும், முதுகு மயிர் பிய்ந்து, சில சமயம் தோலே கிழியும். அதனால் அடிக்கம்பியை முள் இல்லாததாக மாற்றித் தரையிலிருந்து சுமார் 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டும் வேலை பல பண்ணைகளில் நடக்கிறது. வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்கும் தெற்கே மேல் கிரீன் ஆற்றுப் பகுதிக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் நடக்கும் கூட்டத்தின் பாதையில் ஒரு பகுதியை 2008-ல் வனத்துறை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. 191 ஹைவே குறுக்கிடும் டிராப்பர்ஸ் பாயிண்ட் பகுதியில் 2012-ல் 2 மேம்பாலங்களும் 6 கீழ்ப்பாதைகளும் விலங்குகளுக்காகக் கட்டி முடித்தார்கள். பிராங்ஹார்ன் சுரங்கம் மாதிரி இருட்டான வழியை விட மேலே திறந்த பாலத்தைத்தான் விரும்புகிறது, சுற்றிலும் பார்க்க முடிவதால்.

பைனாகுலர், கேமரா எது எடுத்துப்போக வேண்டும்?

8x42 பைனாகுலர் ஒன்று போதும். கொம்பை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால் முக்காலியில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி வேண்டும். விலை கொடுத்து 600 எம்.எம். லென்ஸ் வாங்கிவிட்டு நண்பகலில் போய் எடுத்தால் எல்லாப் படமும் கலங்கித்தான் வரும், தரையிலிருந்து கிளம்பும் வெக்கை அலை எந்த லென்ஸையும் கெடுத்துவிடும். விடிந்து முதல் இரண்டு மணி நேரம் எடுங்கள்.

காரை விட்டு இறங்காதீர்கள். நின்ற காரை அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கதவு திறந்து ஒரு மனிதர் இறங்கினால் மலை தாண்டிவிடும். எட்டு மடங்கு பைனாகுலர் வைத்துப் பார்ப்பது போலப் பார்க்கும் என்று சொல்லிக்கொள்வதை நான் நம்புவதில்லை, ஆனால் பெரிய கண், தலையின் பக்கவாட்டில், கிட்டத்தட்டச் சுற்றியுள்ள எல்லாமே தெரியும். ஒரு வேடிக்கை, இவற்றுக்கு ஆர்வம் அதிகம். பழைய வேட்டைக்காரர்கள் துணியை ஆட்டிக் காட்டி இவற்றைக் கிட்டே வரவழைத்திருக்கிறார்கள். நீங்கள் முயல வேண்டாம்.

கொம்புக்காகப் படம் எடுப்பவர்கள் பக்கவாட்டில் ஒன்று, நேர் முன்னால் ஒன்று, கன்னம் தெரிய ஒன்று எடுங்கள். பக்கவாட்டில் மட்டும் எடுத்தால் ஒரு கொம்பு மற்றதை மறைக்கும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் கிளையே காணாமல் போகும். கொம்பின் நீளத்தைக் காதோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காது சுமார் 15 சென்டிமீட்டர், கொம்பு அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நல்ல வளர்ந்த ஆண்.

எவ்வளவு நெருங்கலாம்? குட்டி தனியாகக் கிடந்தால்?

யெல்லோஸ்டோன் விதிப்படி குறைந்தது 25 கெஜம், அதாவது 23 மீட்டர். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே அவை நகர்ந்துவிடும், தலையைத் தூக்கி உங்களையே பார்க்க ஆரம்பித்தால் அதுவே போதுமான நெருக்கம். ஜூனில் புல்லில் அசையாமல் கிடக்கும் குட்டியை யாரும் கைவிடவில்லை. தாய் வேண்டுமென்றே ஒளித்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறது, பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை வெவ்வேறு இடத்தில். நீங்கள் அங்கேயே நின்றால் தாய் பால் கொடுக்க வர முடியாது, சின்ன ஓநாய் மாதிரியான கொயோட்டுக்கும் இடம் தெரிந்துவிடும். நகருங்கள்.

அழியும் நிலையில் இருக்கிறதா?

மொத்தமாகப் பார்த்தால் இல்லை. கோடிக்கணக்கில் இருந்தவை 1920-களில் சில பத்தாயிரமாகச் சுருங்கி, வேட்டைக் கட்டுப்பாடும் சரணாலயங்களும் வந்த பிறகு பல லட்சமாக மீண்டன. பாதிக்குப் பக்கம் வயோமிங்கில் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் 2022-23 குளிர்காலத்தில் கடும் பனியும் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற நுரையீரல் தொற்றும் சேர்ந்து மேற்கு வயோமிங் கூட்டத்தை மோசமாகத் தாக்கின.

தரையில் கழன்ற கொம்பு உறை கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா?

தேசியப் பூங்காவுக்குள் என்றால் கூடாது, படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். வெளியே உள்ள பொது நிலங்களில் மாநிலத்துக்கு மாநிலம், மாதத்துக்கு மாதம் விதி மாறும், குளிர்காலத்தில் விலங்குகளைத் தொந்தரவு செய்யாமலிருக்கத் தடை போடும் இடங்களும் உண்டு, போகும் முன் அந்த மாநிலத் துறையில் கேட்டுவிடுங்கள். தனியார் பண்ணை நிலமாக இருந்தால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் எதிர்பார்த்ததை விட லேசாக, உள்ளே கூடாக இருக்கும், விளிம்பில் எலி கொறித்த பல் தடமும் இருக்கலாம். கிளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், எலும்பு நுழைந்த அடையாளமே இருக்காது.